மூன்று சென்டிமீட்டர்

எந்தச் சத்தம் திரும்ப வேண்டும் என்று கேட்டான் ஃபில்மோன்,
உப்சாலா மருத்துவமனையின் காதுப் பிரிவில்.
பேரப்பிள்ளையின் பேச்சு, தேவாலய ஆர்கன்,
ஜன்னலில் மழை என்றெல்லாம் சொல்வார்களாம்.
நான் சொன்னேன்:
மெல்லிய பனிக்கட்டி.

அவன் எரித்திரியாவில் பிறந்தவன்.
உறைந்த ஏரிமேல் ஒருநாளும் கால் வைத்ததில்லை.
விளக்கினேன்.
பதினைந்து சென்டிமீட்டர் கனமென்றால் ஏரி உறுமும்,
அடிவயிற்றிலிருந்து.
ஐந்தென்றால் குரல் ஏறும்.
மூன்றென்றால் கீச்சிடும்.
அதற்கும் கீழே போனால்
பாட்டில்லை, நீச்சல்தான்.

என் காதின் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினான்:
இடப்பக்கம் சமவெளி,
வலப்பக்கம் செங்குத்துச் சரிவு.
உறுமல் எல்லாம் கேட்கும்.
கீச்சு ஒன்றும் கேட்காது.
அதாவது
என்னைத் தாங்கும் பனி என்னோடு பேசும்,
தாங்காத பனி
வாய்மூடி இருக்கும்.

முப்பத்தொரு குளிர்காலம் முன்னால் சறுக்கிப் போனவள்
போன டிசம்பரில் வரிசையின் கடைசிக்கு வந்தேன்.
யாரும் சொல்லவில்லை. நானே வந்தேன்.
முன்னால் போகிறவர்களின் முதுகைப் படித்தேன்.
சீவ் தோளைச் சுருக்கினால் விரிசல்,
இங்வே கம்பைக் குறுக்கே தூக்கினால் நில்.
முதுகுகளுக்கும் ஓர் எழுத்துமுறை உண்டு,
மூடுபனியில் மட்டும் அழிந்துவிடும்.

என் கைபேசிப் பதிவை ஃபில்மோன்
நாற்பது தடவை கேட்டான்.
அந்தக் கீச்சை
என் காதுக்கு எட்டும் படிக்கு இறக்கிவைத்தான்.
"வேறு குரலில் வரும். பழகிக்கொள்ளுங்கள்."
கருவியின் நான்காவது அமைப்பு.
அதற்குப் பனி என்று பெயரிட்டான்.

நவம்பர் கடைசி ஞாயிறு. மைனஸ் ஒன்பது.
கம்பளித் தொப்பி ஒலிவாங்கியில் உரச
காதுக்குள் யாரோ மரம் அறுத்தார்கள்.
காற்று லாரி லாரியாகப் போனது.
குன்னெல் மொறுமொறு ரொட்டியைக் கடித்தாள்,
கூரை இடிந்தது.
இருந்தும் நடுவே
என் சறுக்குக் கத்தியின் ஸ்ஸ்ஸ்.
அதற்கு ஓர் ஓசை உண்டென்பதையே மறந்திருந்தேன்.

பிறகு ஒரு கீச்சு.
மூன்று சுரம், இறங்குமுகமாய்.
கையைத் தூக்கினேன். நில்!
ஏழு பேரும் நின்றார்கள்.
இங்வே கம்பால் குத்தினார். குத்தினார். குத்தினார்.
பதினாறு சென்டிமீட்டர்; குதிரையை ஓட்டலாம்.
மறுபடி மூன்று சுரம்.
இடது காது பேட்டரி
குளிரில் செத்துக்கொண்டே விடைசொன்னது.

எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், அவர்கள் வாயைப் பார்த்து.
கையுறைக்குள் கதகதப்பாய் வைத்திருந்த புதியதை
ஒட்டுத்தாளைப் பல்லால் உரித்து, விரல் மரத்து,
ஒன்று பனிமேல் விழுந்து உருண்டோடி,
எப்படியோ மாற்றினேன்.

நாணல் முனையைச் சுற்றும்போது
வேறொன்று.
சுரமில்லை. கம்பி அறுபடுவதுபோல்,
முன்னாலிருந்து, சீவின் காலடியிலிருந்து.
கத்தினேன்.
"மறுபடியும் பேட்டரியா, ஹில்லெவி?"
சிரித்துக்கொண்டே குத்தினார் இங்வே.
ஒரே குத்து.
கம்பைப் பிடித்துக்கொண்டு
கறுப்புத் தண்ணீர் மேலேறி வந்தது.

வந்த தடத்திலேயே, இடைவெளி விட்டு, பின்வாங்கினோம்.
எழுபத்துமூன்று வயது இங்வேக்குக் கேட்கவில்லை.
அறுபத்தெட்டு வயது சீவுக்குக் கேட்கவில்லை,
அவள் அதன்மேல் நின்றிருந்தாள்.
பழுதில்லாத காதுகள் எல்லாம்.

கரையில் காப்பி.
என் குடுவையை நிரப்பும் சாக்கில் இங்வே அருகே வந்து
காதும் காதும் வைத்தாற்போல் கேட்டார்:
அந்தப் பையன் இருக்கிறானே, எந்த மாடி?

நன்றாகவே கேட்டது.
இருந்தாலும் தொப்பியைச் சற்று ஒதுக்கி,
"என்ன சொன்னீர்கள்?
கொஞ்சம் சத்தமாக" என்றேன்.