சார்பில்

என் கையெழுத்துக்கு மேலே எப்போதும் ஒரு சொல் உண்டு.
சார்பில்.
ஆர்விட்ஸ் சேபெர்ஸ் சார்பில், வெல்கா மெஜூலே.
பதினொரு வருடம் அந்தச் சொல்லின் நிழலில் நின்று
லாட்வியாவின் வடக்கே
முப்பத்தேழு ஹெக்டேரைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் கனடாவில், ஹாமில்டனில்.
ஆறு வயதில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்,
போர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.
நாடு திரும்பக் கிடைத்தபோது நிலமும் திரும்பக் கிடைத்தது.
அவர் வரவில்லை.
முட்டிவலி என்றார், பிறகு மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றார்,
பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார்.

கடிதத்தில் ஒரே கேள்வி:
"வயல் எப்படி இருக்கிறது?"
ஓடைக்கு மேற்கே, அவருடைய அம்மா ரை அறுத்த வயல்.

நான் பொறுப்பேற்ற நாளிலேயே அங்கே வயல் இல்லை.
உழ ஆளில்லாத மண்ணில் முதலில் ஆல்டர் வந்திருக்கிறது,
அப்புறம் பர்ச்,
அதன் கக்கத்தில் ஸ்ப்ரூஸ்.
அவர்கள் போனதால் வந்த காடு.
இதை ஒரு மனிதனுக்கு எப்படி எழுதுவது?
"நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன்.
கணக்கில் மட்டும் மரம் என்று போட்டேன்.
பணம் போய்ச் சேர்ந்தது.
வயலில் ஏது மரம் என்று அவரும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி புயல்.
விடிந்து போய்ப் பார்த்தால்
சீப்பால் வாரிவிட்டது போல் எல்லாம் கிழக்கே பார்த்துக் கிடக்கின்றன.
அளந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கன மீட்டர்.
அதிகாரப் பத்திரத்தில் என் எல்லை ஐம்பது.
மேலே ஒரு கட்டை என்றாலும் அவரைக் கேட்க வேண்டும்.

கேட்டேன்.
பிப்ரவரியில் இரண்டு மின்னஞ்சல்.
மார்ச்சில் தொலைபேசி, அடித்து அடித்து ஓய்ந்தது.
ஏப்ரல் கடைசியில் பட்டையில் ஊசிமுனைத் துளைகள்,
கீழே பாசியின் மேல் காப்பிப்பொடி நிறத்தில் தூள்.
பட்டை வண்டு.
அதற்கு முதலாளி கிடையாது,
யாருடைய பதிலுக்காகவும் அது காத்திருப்பதில்லை.
நிற்கிற மரத்துக்குத் தாவ இரண்டு வாரம் வெயில் போதும்.

குன்டிஸை வரச்சொன்னேன்.
அவன் பத்திரம் கேட்கவில்லை, டீசலுக்கு முன்பணம் கேட்டான்.
நான்கு நாள் ஹார்வெஸ்டர் உறுமியது.
ஏழு லாரி, ஏழு சீட்டு,
ஏழிலும் அந்தச் சொல்.

மே மாதம் அவர் மகளின் கடிதம், ஆங்கிலத்தில்.
சில்வியா.
அப்பா பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார்,
உங்கள் அஞ்சல்களை இப்போதுதான் திறந்தேன்.

நோட்டரியிடம் போனேன்.
கொடுத்தவர் போனால் பத்திரமும் அன்றே போயிற்று என்றார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
வானிலை சொல்வது போல.

அப்படியானால் ஏப்ரலில் நான் யாருக்காகக் கையெழுத்துப் போட்டேன்?
அந்த ஏழு லாரியில் போனது யாருடைய மரம்?
வங்கியில் பதினான்காயிரம் யூரோ கிடக்கிறது,
வாரிசுச் சான்று வரும்வரை பேர் இல்லாத பணம்.
இருந்தாலும் சொல்கிறேன்,
மறுபடி அதே ஏப்ரல் வந்தால் மறுபடி குன்டிஸைத்தான் கூப்பிடுவேன்.

ஒரு மாலை அங்கே போனேன், சும்மா.
ஒரு அடிமரத்தில் குனிந்து வளையம் எண்ணினேன்,
எழுபத்துநான்கு.
ஓடைவரை வெளிச்சம்.
டயர் தடத்துத் தண்ணீரில் தலைப்பிரட்டைகள்.
முளைக்காத பயிரைத் தேடுவது போல
ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது.

சில்வியாவின் கடிதத்தில் கடைசி வரி இப்படி:
அப்பா ஏதோ ஒரு வயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்,
அது இன்னும் இருக்கிறதா?

வெட்டிய இடத்தில் ஐந்து வருடத்துக்குள் மரம் நட்டாக வேண்டும், சட்டம்.
இருக்கிறது, என்று எழுதினேன்.
ஐந்து வருடத்துக்கு.

அடியில் பெயர் போடப் போனபோது
பழக்கத்தில் பேனா அந்தச் சொல்லைத் தொடங்கிவிட்டது,
சா
என்பதோடு நிறுத்தினேன்.