ஒரே பார்வையில்

மூன்று நாள் மழை விட்ட காலை.
கிணற்றடியில் தண்ணீர் கணுக்காலுக்கு நிற்கிறது.
முருங்கைக் கொப்பில் சிரட்டை கட்டி
ஒரு பிடி குறுணல் போட்டேன்.
குசினி வாசலுக்குள் கதிரையை இழுத்துக்கொண்டேன்.

படிவம் சொல்கிறது:
பதினைந்து நிமிடம் இரு. கூட்டாதே.
ஒரே பார்வையில் கண்ட மிகப் பெரிய எண் எதுவோ
அதை மட்டும் எழுது.

நான் மின்சார சபைக்கு மீட்டர் பார்க்கிறவன்.
இந்த மாத எண்ணில் போன மாத எண்ணைக் கழித்துக் கழித்தே
இருபத்திரண்டு வருடம்.
புலுனியைக் கழிக்க முடியவில்லை.
ஒன்று சிரட்டையில், ஒன்று காவல்,
மற்றதுகள் சருகுக்குள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு.
மொத்தம் ஏழு, எனக்குத் தெரியும்.
ஏழும் சேர்ந்து ஒருநாளும் தலை காட்டுவதில்லை.
ஐந்து என்று எழுதினேன்.
மீட்டர் காட்டாத அலகுக்கு பில் போடக்கூடாது.

"சம்பளம் தருவாங்களா?" என்றாள் சுகிர்தமலர்.
இல்லை.
"அரிசி விற்கிற விலையில…"
சொல்லிவிட்டு உள்ளே போனவள்
கனிந்த பப்பாசிப் பாதியைக் கொண்டுவந்து
கொடிக் கம்பியில் குத்தினாள்.
கொண்டைக்குருவி இரண்டு.
அது அவளுடைய கணக்கு.

மதிலுக்கு இந்தப் பக்கம் பெரியநீலாவணை.
அந்தப் பக்கம் மருதமுனை.
முதல் நாள் தொலைநோக்கியும் கையுமாய் நின்றேன்,
மதிலுக்கு மேல் நளீமின் தலை எழும்பியது:
"என்னகா, எங்கட வளவுக்குள்ள என்ன பார்க்கிறாய்?
பொம்புளப் புள்ளைகள் குளிக்கிற இடம்."
வெட்கத்தில் நனைந்து
ஒரு படிவத்தை அவனுக்கும் நீட்டினேன்.
அன்றைக்கே மேசன் மட்டப்பலகையோடு
கிணற்றடிக்கு மறைப்பும் அடித்தான்,
கொய்யாவின் கீழ் ஒரு வாங்கும் போட்டான்.
மறுகா அவன்தான் என்னை எழுப்பினான்.

மூன்றாம் நாள் காலை ஆறு பத்து.
இரண்டு சுரம், ஒரு விசில்.
ஆறுமணிக்குருவி.
வடக்கே குளிருக்குத் தப்பி
கடல் தாண்டி வந்த ஒரு பிடி உடம்பு.
பச்சை முதுகு, தோளில் நீலம்,
வாலடியில் யாரோ குங்குமக் கை துடைத்த மாதிரி.
மழைச் சேற்றைக் கிளறியபடி
துள்ளித் துள்ளி வந்தது.
போன வெள்ளத்துக்குத் தண்ணீர் ஓடட்டுமென்று
நானும் நளீமும் அலவாங்கால் உடைத்த
மதிலடி ஓட்டை,
அதற்குள் குனியாமலே நுழைந்து போனது.

என் தாளில் ஒன்று.
அவன் தாளிலும் ஒன்று.

"அப்ப கொழும்பில கூட்டினா ரெண்டாகுமே" என்றான்.
எனக்கும் அதுதான் உறுத்தியது.
கள்ள மீட்டர் பிடித்தவனுக்கு
கள்ளக் குருவி ஒன்றைப் பதிவதா?
"நீ எழுது, நீதான் முதல் கண்ட நீ."
"உன்ட கொய்யாவுக்குக் கீழதான்டா அதுக்குப் புழு."
"உன்ட சேறு."
"உன்ட பக்கம்தான் கூடின நேரம் நின்டது."
இப்படியொரு எல்லைச் சண்டை
இந்த மதில் கண்டதில்லை,
ஆளுக்காள் தள்ளிவிடுகிற சண்டை.
கடைசியில் இரண்டு பேரும் ஒன்றை அழித்தோம்.
மறுகா இரண்டு பேரும் திரும்ப எழுதினோம்.
தாள் அந்த இடத்தில் பஞ்சாகிவிட்டது.

நான்காம் நாள், கடைசி நாள்.
ஒரே நேரத்தில் எண்ணுவதென்று பேச்சு.
ஆறு பத்து. ஆறு இருபது.
மதிலுக்கு மேலால் கிசுகிசுத்தான்:
"இருக்கா?"
இல்லை.
"இஞ்சயும் இல்ல."
சாம்பல் பூனை மட்டும்
ஓட்டைக்கு முன் குந்திக் கால் நக்கியது.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பூச்சியமும் எழுதத்தான் வேண்டும் என்கிறது படிவம்.
நான் ஒன்று போட்டேன். அவன் ஒன்று போட்டான்.
பூச்சியத்தை எத்தனை பேர் எழுதினாலும்
கூட்டுத்தொகை பிழைக்காது.

பின்னேரம் உறை ஒட்டிக்கொண்டிருக்க
வாழைகளுக்கு அப்பால், யார் வளவிலோ,
இரண்டு சுரம்.
நளீமும் கேட்டிருப்பான்,
தண்ணீர் இறைக்கிற சத்தம் நின்றது.

கண்டால்தான் எழுதலாம்.
பசை தடவி மூடினேன்.