சத்தம் போடும் உறை

பனச்சமூட்டில் எங்கள் கம்பெனிச் சங்கிலியில்
எண்ணூறு பீங்கான் கைகள் தலைகீழாய்த் தொங்கும்,
ரப்பர்ப் பாலில் முங்கி எழும்.
நான் கடைசி மேசை.
உறையில் காற்றடைத்துக் காதோரம் வைத்து
ஓட்டையைக் கேட்பவள்.
குமிழி, மடிப்பு, கறை எல்லாம் நீலப்பெட்டிக்கு.

மெற்றில்டா வந்தாள்,
நீரோடிப் பெண்கள் அணியின் கோலி.
மடியில் கடையில் வாங்கிய உறை,
ஆயிரத்து இருநூறு ரூபாய்,
ஒரு சீட்டுக் காசு.

பந்து வழுக்குதா என்றேன்.
'இல்ல.'
மழையில ஊறிக் கனக்குதா?
'இல்லக்கா.'
விரல்? மணிக்கட்டு? தையல் உறுத்துதா?
என் கேள்விகள் தீர்ந்த பிறகு சொன்னாள்:
'கைதட்டினா சத்தம் கேக்கல்ல.'

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கழுத்துக் கட்டியை எடுத்தபோது
குரலும் கூடப் போயிருக்கிறது.
மிச்சமிருப்பது
தேங்காய் துருவும் சத்தம்.
மைதானமோ கடலை ஒட்டி.
முன்னால் நிற்கும் நாலு பிள்ளைகளுக்கும்
முதுகில் கண் கிடையாது.
ஒரு தட்டு என்றால் இடம்.
ரெண்டு, வலம்.
மூணு, விட்டிரு, பந்து எனக்கு.
உறை மாட்டினால் ஊமை.
கழற்றினால் உள்ளங்கை கிழியும்.

சிரட்டையை வட்டமாய்ச் சீவி ஒட்டினேன்.
செண்டை போலச் சத்தம்,
பந்தும் செண்டைக்கோல் போலத் தெறித்துத் திரும்பியது.
செருப்பு அடியை வெட்டித் தைத்தேன்.
புகைபோட்ட ஷீட்டை வைத்தேன்: சொத்.
நாலாவதை ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்,
கட்டைவிரலில் கொப்புளம்.
அஞ்சாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒரு நாள் மத்தியானம்
நீலப்பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக்
கொசுவை அடித்தேன்.
அடுத்த அறையில் சூப்பர்வைசர் எழுந்து நின்றார்.
கொசு தப்பிவிட்டது.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்,
உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு குமிழி.

எட்டு வருஷமாய்த் தேடித் தேடித் தள்ளிய குற்றத்தை
அன்று ராத்திரி வேண்டுமென்றே செய்தேன்.
பீங்கான் கையில் களிமண் முண்டு வைத்து,
பாலில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி,
உள்ளே காற்று குடியிருக்க
ஒரு சிறு அறை.
'இது டேமேஜ் அல்லே மோளே?' என்றார் சசிதரன் சேட்டன்.
ஆமா, ரெண்டு கைக்கும் வேணும் என்றேன்.

பொழியூர் மணலில் ஆட்டம்.
எனக்குப் பந்தாட்டம் தெரியாது,
கேட்கத்தான் போனேன்.
அலைக்கு மேலே
டப்.
நாலு பிள்ளைகளும் இடப்பக்கம்
ஒரே கதவாய்ச் சாத்திக்கொண்டார்கள்.
டப் டப்.
கதவு மறுபக்கம்.
பாதி நேரத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம்,
எனக்குச் சுக்குக்காப்பி வாங்கித் தந்தார்கள்.

பிறகு பொழியூரின் ஒன்பதாம் நம்பர்,
சுருட்டை முடிக்காரி,
கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டாள்.
ஒரு தட்டு விழுந்ததும்
இவர்கள் இடம் போக, அவள் வலம் போனாள்.
ரெண்டு தட்டுக்கு இன்னொரு கோல்.

மெற்றில்டா மணலோடு வந்தாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
உறையைக் கழற்றி உதறி என் கையில் திணித்தாள்.
'இடக்கைக்கு ஒரு சத்தம்,
வலக்கைக்கு வேற சத்தம் வேணும்க்கா.
தொடையில அடிச்சுக்கிடுதேன்.
அவளுக்கு எண்ணத்தானே தெரியும்.'

களியக்காவிளை பஸ்ஸில் ஜன்னலோரம்.
உறை ரெண்டையும் மாட்டிக்கொண்டு
வெளித் தகரத்தில்
இடக்கையால் ஒன்று,
வலக்கையால் ஒன்று.
வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பதற்குள்
டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.
கண்டக்டர் சில்லறையோடு
பின்னால் ஓடி வருகிறார்.