அறுபத்து நான்கு

அதிகாலை மூன்றரைக்குத் தொட்டியை நிரப்புவேன்.
ஜூலையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே
நாற்பத்திரண்டு டிகிரி.
மொட்டைமாடி டேங்கில் நேற்றைய வெயில்
இன்னும் ஷிஃப்ட் முடியாமல் கிடக்கிறது.
பாதி வேலையை மனாமா முடித்துத் தந்துவிடும்.
மீதியை மின்சாரம் பார்த்துக்கொள்ளும்.

கொதிக்காத தண்ணீர் இது.
குமிழி கிடையாது.
தூரத்துக் கொசு போல ஒரு மோட்டார்,
அதைச் சுற்றி நாற்பது முட்டைகள்
ஒன்றையொன்று இடிக்காமல் படுத்திருக்கும்.

அடுப்பில் வேகும் முட்டை
வெளியிலிருந்து உள்ளே வேகும்,
யாருக்கும் தெரிந்த கதை.
இதில் கதை தலைகீழ்.
வெள்ளை இன்னும் முடிவெடுக்காமல்
நடுங்கிக்கொண்டிருக்கும்போதே
மஞ்சள் தன் மனதை இறுக்கிக்கொள்ளும்.

செஃப் ரோவேனா சுவரில் எண்களை ஒட்டியிருக்கிறாள்.
பக்கத்தில் பென்சிலால் என் மொழிபெயர்ப்பு:
அறுபத்திரண்டு, பால் திரிந்த மாதிரி.
அறுபத்து நான்கு, ஏசி அறையில் மறந்துவைத்த தேன்.
அறுபத்தேழில் மஞ்சளை உருட்டிப்
பிள்ளையார் பிடிக்கலாம்,
நான் பிடித்தும் இருக்கிறேன்,
யாரும் பார்க்காத ஒரு வெள்ளிக்கிழமை.
எழுபத்தைந்து வேறு வித்தை,
பதின்மூன்றே நிமிடம்,
வெள்ளை கட்டிக்கொள்ள மஞ்சள் ஓடும்.

அறுநூற்றுப் பதினான்காம் அறைக்காரருக்கு
அறுபத்து நான்கு, ஐம்பது நிமிடம்.
ஒருநாள் அறுபத்தைந்தில் போய்விட்டது.
தட்டு திரும்பி வந்தது,
நாப்கினில் ஒரே சொல்: ரப்பர்.
அந்த நாக்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதையெல்லாம் ஹூரா அறையில்
ததேயுவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ததேயு சாரம் கட்டுகிறவன்.
கடலைத் தூர்த்த இடத்தில் பதினெட்டாவது மாடி வரை
இரும்புக் குழாய்களை முடிச்சுப் போட்டு ஏறுபவன்.
"அந்தக் குச்சியைக் கொடு" என்றான்.
ஓரத்தில் விரிசல் விட்ட என் பழைய தெர்மாமீட்டரைப்
பேனா போலச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனான்.

சாயங்காலம் சிகரெட் அட்டையின் உள்பக்கம்
கொட்டை எழுத்தில் கணக்கு வந்தது:
எட்டு மணி, குழாய், நாற்பத்தாறு.
பத்து மணி, ஐம்பத்தைந்து.
பத்தரைக்கு ஃபோர்மேன் பார்த்தான், எடுக்கவில்லை.
பதினொன்று ஐம்பது, அறுபத்து நான்கு.

"பன்னெண்டுக்கு விசில்.
அப்புறம் நாலு வரைக்கும் நிழல்ல உக்காருன்னு சட்டம்.
ஆனா அந்தக் கடைசி பத்து நிமிஷம்
ஒன்னோட அறுநூத்திப் பதினாலு
என் கையிலதான் இருந்தார்."

சிரித்தான். நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

மிஞ்சிய முட்டை ஒன்றை அன்று கொண்டுவந்திருந்தேன்.
கிண்ணத்தின் விளிம்பில் தட்டினான்.
முழுசாக இறங்கி உட்கார்ந்து
கிண்ணம் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது.
வெகுநேரம் பார்த்தான்.
"இதுக்கா அம்பது நிமிஷம்? வேகவே இல்லையேடா."

தோசைக்கல் காய்ந்தது.
நல்லெண்ணெய், மிளகுத்தூள்.
அறுபத்து நான்கு இரைச்சலோடு
இருநூறைத் தாண்டிப் போனது.
ஓரம் கருகி மொறுமொறுத்தபின்
இரண்டு வாயில் முடித்துவிட்டு
பனியனைக் கழற்றி ஏசிக்கு நேராகப் படுத்தான்.
கோபம் வரும் என்றுதான் நினைத்தேன்.
அந்தக் கருகல் வாசனையில்
எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மூன்றரைக்கு அதே தொட்டி.
எண் அறுபத்து நான்கில் வந்து நின்றதும்
முட்டைகளை இறக்குவதற்கு முன்
வலது கையை விட்டுப் பார்த்தேன்.
மூன்று எண்ணலாம் என்று எண்ணம்.
இரண்டுக்கே எடுத்துவிட்டேன்.

கை ஏன் சிவந்திருக்கிறது என்றாள் ரோவேனா.
தண்ணீர் சரியாக இருக்கிறது என்றேன்.