துளை போடாமல்

விவாகரத்துப் பத்திரத்தில்
படகுக்கென்று ஒரு பத்தி.
ஒற்றைப்படை வாரங்கள் எனக்கு,
இரட்டைப்படை ஆரினுக்கு.
பதினான்கடி அலுமினியம், பழைய மோட்டார்,
இழுவை வண்டி, இரண்டு துடுப்பு.
கடைசியில் வக்கீல் சேர்த்த வரி:
இருவரும் ஒப்பாமல்
படகில் ஒரு துளையும் போடலாகாது.

நாய் அவனோடு போயிற்று.
அதற்கு வாரக் கணக்கு கிடையாது.

எனக்கு நின்று தூண்டில் வீச வேண்டும்.
உட்கார்ந்து வீசினால்
மறுநாள் தபால் பையைத் தூக்கத் தோள் மறுக்கிறது.
அணியத்தில் ஒரு மேடை இருந்தால்
நாணலுக்கு மேலே கண் போகும்,
அல்லி இலைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத் தண்ணீரில்
ரப்பர்த் தவளையை இறக்கலாம்.
ஆரினுக்கோ முன்பக்கம் காலியாக வேண்டும்:
பொம்மை வாத்து மூட்டை,
ஈர நாய்.

ஆகவே, மாட்டிக் கழற்றும் மேடை.

புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
அணியத்தின் வளைவை வெட்டி எடுத்தேன்.
வலதுக்கு வெட்டியதைத் திருப்பிப் போட்டால்
இடதில் உட்காரவில்லை.
இடது விலா அரை அங்குலம் உள்ளே போயிருக்கிறது.
எங்கள் மூன்றாம் கோடையில் பாறையில் மோதிய இடம்.
அன்று மோட்டாரைப் பிடித்திருந்தது யார் என்பதில்
இன்னும் தீர்ப்பு வரவில்லை.

பச்சை மருந்தேற்றிய சட்டம்தான் மலிவு.
"செம்பு கலந்த மருந்து,
உன் அலுமினியத்தைத் தின்றுவிடும்" என்று
கடைக்கார லெவெரெட் என் கையிலிருந்து பிடுங்கி வைத்தார்.
தேவதாருச் சட்டம் மூன்று, அரை அங்குல ப்ளைவுட்.
எபாக்ஸி மூன்று பூச்சு,
ஓரங்களுக்கு ஐந்து,
பலகை தண்ணீர் குடிப்பது ஓரத்தால்தான்.

குளியலறைத் தராசில் நிறுத்தினேன்:
இருபத்திரண்டு பவுண்டு.
அக்காள் மகன் இரண்டு வயதில் இருந்த கனம்.
இது உதைக்காது.

முன்முனை மூக்குத் தகட்டின் அடியில் செருகிக்கொள்ளும்,
பின்கால் இரண்டும் முன் இருக்கையில் நிற்கும்,
கொக்கிகள் நான்கு விளிம்பைக் கீழிருந்து கவ்வும்,
இறக்கை நட்டுகள், ஸ்பேனர் வேண்டாம்.
மேலே சாம்பல் கம்பளம், ஒட்டுப்பட்டையில்.

முதல் நாள் ஏறி நின்றதும்
படகு தலை குனிந்தது.
பேட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும்
அமரத்துக்குத் தள்ளினேன், நிமிர்ந்தது.
பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கிறீச்.
மினசோட்டாவின் பாஸ் மீன்கள் அத்தனையும்
என் இடுப்பு திரும்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தன.
சைக்கிள் டியூபைக் கீறிக்
கொக்கிகளின் வாய்க்குள் ஒட்டினேன்.
இடது பின்கால் மட்டும்
அப்போதும் ஆடியது.
அட்டையை மடித்துக் கொடுத்தேன்,
நனைந்து கூழாயிற்று.

ஜூலையில் ஒரு ஞாயிறு
ஓவர்டைம் முடிந்து படுத்தவள்
மேடையைக் கழற்ற மறந்தேன்.
திங்கள் காலை படகு இல்லை.
வாரம் முழுக்க
மற்றவர் வீடுகளுக்குக் கடிதம் போட்டபடி
எனக்கு வரப்போகும் வக்கீல் கடிதத்தை
எதிர்பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு
இழுவை வண்டியோடு திரும்பி நின்றது படகு.
மேடை இருந்த இடத்தில் இருந்தது.
கம்பளம் நிறைய மஞ்சள் முடி,
நடுவில் வட்டமாக ஒரு பள்ளம்,
படுத்து எழுந்த அளவு.

பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.
ஆடவில்லை.
இடது பின்காலின் அடியில்
ஐஸ் ஹாக்கி வட்டு ஒன்று,
தோசையைப் பிளந்ததுபோல் குறுக்கே அறுத்து
பசையால் ஒட்டியிருந்தது.
அளவுநாடா வைத்தேன்.
அரை அங்குலம்.
விரலால் சுற்றித் தடவினேன்,
துளை ஏதுமில்லை.

கேட்கவில்லை. நன்றி என்று
ஒரு செய்தி தட்டி, அழித்தேன்.
அந்த வாரம் நான்கு மீன்,
ஒன்று மூன்று பவுண்டு,
நின்றபடியே இழுத்தது.

ஞாயிறு மாலை நட்டுகளைத் தளர்த்தி
மேடையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன்.
ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.
கம்பளத்தை மட்டும்
சர்ரென்று உரித்தெடுத்து
காலி அணியத்தில் விரித்தேன்,
முடியை உதறாமல்.