மீன் வளர்ந்ததா

மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஹித்ரா தீவில்
கடைசிப் படகின் எஞ்சின் அறையில் உட்கார்ந்து
தூருன் ஆண்டறிக்கை படிக்கிறாள்.
லாபநட்டக் கணக்கின் மேல்
எண்ணெயில் ஒரு கட்டைவிரல் பதிகிறது.

சால்மன் வளர்க்கும் கம்பெனி.
பங்கு ஒன்று நூற்று முப்பத்திரண்டு குரோனர்.
பங்குக்கு லாபம் நான்கு.
போன வருடம் மூன்று.

லாபத்தைப் போல் முப்பத்து மூன்று மடங்கு விலை.
லாபம் வளர்ந்ததும் நூற்றுக்கு முப்பத்து மூன்று.
தராசு முள் நட்டநடுவே நின்றது.
"யானை விலைதான், ஆனால் யானையும் வளர்கிறதே"
என்றார் ஐவின், அக்கா புருஷன்,
ஏற்கெனவே ஐந்நூறு பங்கு வாங்கியவர்.
வாங்கியவர் வாயில் எந்த விலையும் நியாய விலை.

அவளுக்கு முள் மேல் நம்பிக்கை இல்லை.
இருபது வருடம் மானிகளோடு வாழ்ந்தவள்;
எண்ணெய் தீர்ந்த பிறகும் இருக்கிறது என்று சாதித்த முள்ளை
விரலால் தட்டிப் பார்த்தவள்.

அறுபத்தோராம் பக்கத்தைத் தட்டினாள்.
பொடி எழுத்து.
விற்ற மீனின் எடை மூன்று சதவீதம் கூடுதல்.
மூன்று.
மற்றதெல்லாம்
சிலிக் கடலில் பாசி படர்ந்து
யாருடைய மீனோ செத்ததால்
கிலோவுக்கு ஏறிய விலை.

அப்படியென்றால் வளர்ந்தது லாபமா, மீனா?
அந்தப் பாசி அடுத்த வருடமும் வருமா?
வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா?

முப்பத்து மூன்றை மூன்றால் வகுத்தாள்.
பதினொன்று.
உரக்கத்தான் சொன்னாள்,
எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

வேலை முடிந்து கரையில் நின்று
மிதக்கும் மீன்கூண்டுகளின் விளக்கை எண்ணினாள்.
பனிமூட்டத்துக்குள் பதினாறு.
அவள் மகன் முதன்முதலில் பள்ளிக்குப் போன காலையிலும்
பதினாறு.

கடலில் போட்டாலும் அளந்து போடு.
பழைய படகை விற்ற பணம்
வங்கியிலேயே கிடந்தது,
இரண்டு சதவீத வட்டிக்குக் கொட்டாவி விட்டபடி.

வியாழக்கிழமை பங்கு இன்னும் ஒன்பது குரோனர் ஏறியது.
ஐவின் கேக் வாங்கிவந்தார்,
மேலே சர்க்கரையில் ஒரு சால்மன்.
அவர் எதுவும் சொல்லவில்லை;
கத்தியை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தார்.

தூருன் வால் பக்கத்தைக் கேட்டு வாங்கினாள்.
நன்றாகத்தான் இருந்தது.
இன்னொரு துண்டும் கேட்டாள்.