வாட்டம்

வண்டிப்பாளையத்தில் இடித்த கல்யாண மண்டபத்தின்
சமையல்கட்டிலிருந்து வந்தவை இந்தக் கடப்பாக் கற்கள்.
நாற்பத்தாறு. ஒன்றுபோல் ஒன்றில்லை.
இறக்கிவிட்ட மினிவேன் பையன்
'மேஸ்திரி எங்க சார்?' என்றான்.
நான்தான் என்றேன்.
அமலோற்பவம் ஜன்னலைச் சாத்தினாள்.

அப்போது எங்களுக்குள் பேச்சில்லாமல்
பதினோரு நாள்.
அவள் தம்பிக்குக் கொடுத்த பணம் ஒரு காரணம்.
கொடுத்ததை நான் ஊருக்குச் சொன்னது இன்னொன்று.

சிப்காட்டில் இரவுப்பணி முடித்து வந்து
எட்டு மணி வெயிலில் மண்வெட்டி எடுத்தேன்.
அரையடி வரை ஓட்டாஞ்சில்லு,
வாரறுந்த செருப்பு, வேப்பங்கொட்டை.
அதற்குக் கீழே வெள்ளை மணல்,
மணலுக்குள் சிப்பிகள்.
தேவனாம்பட்டினத்திலிருந்து இவ்வளவு தூரம்
கடல் குடியிருந்திருக்கிறது,
முன்பணத்தைக் கூடத் திருப்பிக் கேட்காமல்
காலிசெய்து போயிருக்கிறது.
வாய் திறக்காத சிப்பி ஒன்றைத்
தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தேன்.
சாயந்திரம் காணோம்.

சல்லி கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தேன்.
மணல் பரப்பிச் சட்டத்தால் இழுத்தேன்.
முதல் கல்லே விரலைக் கடித்தது.
கல்லில் மஞ்சள் கறை,
எத்தனையோ பந்திக்கு அரிந்த பூசணிக்காயின்
கத்திக் கோடுகள்.
ஒரு மூலையில் எவனோ ஆணியால் கீறிய கணக்கு:
பால் 40, தயிர் 12.
அது மேல் பக்கம் வரும்படி போட்டேன்.
எந்தக் கல்யாணமோ,
எப்படி இருக்கிறார்களோ.

மட்டக் குழாய்க்கு இரண்டு ஆள் வேண்டும்.
மறுமுனையைச் செங்கல்லில் கட்டினேன்,
அவிழ்ந்து தண்ணீர் கொட்டியது.
வாளிக் கைப்பிடியில் கட்டினேன், கொட்டியது.
மூன்றாம் முறை கொட்டவில்லை.
தொட்டிக்கு அப்பால்
மாவு ஒட்டிய முழங்கை மட்டும் தெரிந்தது.

'ஏத்தவா?'
'கொஞ்சம்.'
'இப்ப?'
'எறக்கு. போதும்.'

குழாய்க்குள் தண்ணீர் ஆடி ஆடி நின்றது.
அவள் முனையிலும் என் முனையிலும்
ஒரே உயரம்.
நான் சந்தோஷமாகக் கோடு கிழித்தேன்.

'மட்டமாவா போடப் போற?
மழை பேஞ்சா குளமாத்தான் நிக்கும்.
ஒரு பக்கம் எறங்கணும். வாட்டம் குடு.'
யார் சொன்னது என்றேன்.
'தினம் பாத்ரூம் கழுவுறவ சொல்றேன்.'

வாட்டம் என்ற சொல்லை அதுவரை
முகத்துக்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

எந்தப் பக்கம் இறக்குவது?
கதவுப் பக்கம் என்றால் அடுப்படிக்குள் வரும்.
சுவர்ப் பக்கம் என்றால்
ஜெய்புன் அக்கா துடைப்பத்தோடு வரும்.
நின்று யோசித்து
'வாழைப் பக்கம்' என்றாள்.
ஆறு அடிக்கு ஓர் அங்குலம்.
போட்டிருந்த பதினேழு கல்லையும்
பெயர்த்தோம்.

ஐப்பசியில், என் வார விடுப்பு ராத்திரி,
இரண்டு மணிக்கு மேல் பிடித்தது.
ஒரு டார்ச், ஒரு குடை, கம்பி ஒடிந்த குடை.
தண்ணீர் மஞ்சள் கறை மேல் ஏறி
பால் நாற்பதைத் தாண்டி
நடுவில், போகலாமா வேண்டாமா என்று நின்று
பிறகு வாழைக்குப் போனது.
'போகுது, போகுது' என்றாள்,
ஏதோ கெடிலத்தையே திறந்துவிட்டவள் மாதிரி.
டார்ச்சைத் திருப்பியபோது
ஜன்னல் கட்டையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்,
அந்தச் சிப்பி.
நான் கேட்கவில்லை.

தம்பியிடமிருந்து பணம் இன்னும் வரவில்லை.

கடைசியாகப் போட்ட கல் மட்டும்
சரியாக உட்காரவில்லை.
மிதித்தால் டொக் என்கிறது.
எடுத்து அடியில் இரண்டு பிடி மணல் போட்டால் தீர்ந்தது.
காலை ஆறரைக்குக் கொல்லைக் கதவு திறந்து
டிபன் கேரியரோடு வருகிறேன்,
டொக்.
உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம்.

மிச்ச மணல் மூட்டை
சுவரோரம் பிரிக்காமல் கிடக்கிறது.